ஜாபிதாவை எழுதுவது யார்?

1857-ம் வருஷத்தில் மீரத்திலும் டில்லியிலும் கான்பூரிலும் லட்சுமணபுரியிலும் மூண்ட போருக்கு என்ன பெயர்? தேசபக்தர் எவரைக் கேட்டாலும், அது நமது முதல் சுதந்திர யுத்தம் என்றே சொல்வார். சாவர்க்கர் 1909-ல் வெளியிட்ட தம் நூலுக்குச் சுதந்திர யுத்தம் என்றே பெயர் சூட்டினார். சரித்திராசிரியர்களுக்குள் இது பற்றி அபிப்பிராய பேதங்கள் உண்டு. அந்த வாதத்தில் நாம் இங்கே புகவில்லை. ஆனால் அமெரிக்காவிலுள்ள ஒரு பெரிய நூல்நிலையத்துக்குள் நுழைந்து, இந்தப் போரைப் பற்றிய புத்தகங்களைத் தேடிய வாசகர், நெடுங்காலமாக அவற்றை எந்தத் தலைப்பின் கீழ்க் கண்டு வந்தார்? "இந்தியா - சரித்திரம் - சிப்பாய்க் கலகம், 1857-1858" என்ற தலைப்பின் கீழ்தான். நூலை எழுதியவர் அதை யுத்தம் என்றாரா, கலகம் என்றாரா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. யுத்தம் என்று சாதிக்க எழுந்த நூலும் கலகம் என்ற முத்திரையைத் தாங்கியே அலமாரிக்குப் போக வேண்டும்.

வாஷிங்டனில் யாரோ ஓர் உத்தியோகஸ்தர் விஷமம் செய்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆங்கிலப் புத்தகங்களில் வழங்கிய சொல்லையே ஆங்கில வாசகருக்காக அவர் எடுத்து வைத்திருக்கக் கூடும். நாம் கேட்பது வேறு. ஒரு நூல்நிலையத்தில் ஒருவர் எழுதி வைத்த பெயர், பல்லாயிரம் நூல்நிலையங்களில் ஒரே பெயராக நிலைபெற்றது எவ்வாறு? இதற்கு விடை, நூல்நிலையங்களின் பின்கட்டில், வாசகர் கண்ணுக்குப் படாத அறைகளில், கடந்த அறுபது வருஷங்களாகக் கம்ப்யூட்டர் யந்திரம் செய்து வந்திருக்கும் வேலையில் இருக்கிறது.

புத்தக ஜாபிதா என்பது மளிகைக் கடைக் கணக்கைப் போன்றதன்று. இன்ன புத்தகம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. ஆசிரியர் பெயர் தெரிந்து வருபவருக்கும், அது மறந்து தலைப்பு மட்டும் நினைவிலிருப்பவருக்கும், இரண்டும் தெரியாமல் விஷயத்தை மட்டும் சொல்லிக் கேட்பவருக்கும் அது வழிகாட்ட வேண்டும். ஆகையால் ஒரே புத்தகத்துக்கு நாலைந்து இடங்களில் பதிவு வேண்டும். கட்டிய நோட்டில் எழுதினால், புதுப் புத்தகம் வரும்போது இடையில் செருக இடமிராது. தனித் தனிக் கார்டுகளில் எழுதும் யுக்தி இதனால் பிறந்தது. பிரெஞ்சுப் புரட்சி சர்க்கார், மடாலயங்களிலிருந்து பறிமுதல் செய்த புத்தகங்களுக்கெல்லாம் 1791-ல் தேச முழுமைக்கும் ஜாபிதா தயாரிக்க முனைந்தபோது, சீட்டாடும் கார்டுகளின் முதுகில் எழுதச் சொல்லிற்று. அக்காலத்துச் சீட்டுகளின் முதுகு வெறுமையாகத்தான் இருந்தது. பிரபுக்களும் பாதிரிமாரும் பூட்டி வைத்திருந்த புத்தகங்களைத் தேசத்தின் சொத்தாக எண்ணிப் பார்க்கத் துணிந்தவர்கள், சூதாட்டச் சீட்டையே அதற்குக் கருவியாக்கிக் கொண்டார்கள்!

அமெரிக்கர் இந்தக் கார்டு முறையை ஒரு பெருந்தொழிலாகவே வளர்த்தனர். ஏழரை சென்டிமீட்டர் உயரமும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அகலமும் உள்ள கார்டு. அதன் அடியில் ஒரு துவாரம். இழுப்பறையின் நீளத்துக்கு ஓடும் ஒரு கம்பி எல்லாக் கார்டுகளையும் அந்தத் துவாரத்தின் வழியே கோத்துப் பிடித்திருக்கும். வேலைக்குப் புதிதாக வந்த குமாஸ்தா, கார்டுகளைக் கம்பிக்கு மேலே நிற்கும்படி அகர வரிசையில் செருகி வைப்பார். அநுபவமுள்ள ஒருவர் பின்னர் வந்து ஒவ்வொன்றையும் சரிபார்ப்பார். அதன் பிறகே கம்பியை உருவி, கார்டுகளை உள்ளே இறக்கி, மறுபடி கோப்பார்கள். வருஷத்துக்குப் பல்லாயிரம் புத்தகம் வாங்கும் சர்வகலாசாலைகளில் இந்த வேலைக்கு முடிவே கிடையாது. இதில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலை முதல் மாலை வரை டைப் அடிப்பதும் செருகுவதுமாகவே அவர்கள் ஆயுள் கழிந்தது.

ஒரே புத்தகத்துக்கு ஊருக்கு ஊர் தனித் தனியே ஏன் கார்டு எழுத வேண்டும்? இந்தக் கேள்வி யந்திரம் வருவதற்கு முன்பே எழுந்து விட்டது. வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் லைப்ரரி 1901-ல் தன் கார்டுகளை அச்சிட்டு மற்ற நூல்நிலையங்களுக்கு விற்கத் தொடங்கியது. (அந்நாட்டுச் சட்டசபைக்குக் காங்கிரஸ் என்று பெயர், நம்மவர் குழம்ப வேண்டாம்.) சிற்றூர் நூல்நிலையங்களுக்கு இது பெரிய உபகாரம். எனினும் விலைக்கு வாங்கிய கார்டும் வந்து சேர்ந்த பிறகு அந்த ஊரின் கார்டாகி விடும். தலைப்பு பிடிக்காவிட்டால் அடித்து வேறு தலைப்பை டைப் செய்யலாம். "இவ்வூர்ப் பள்ளி உபாத்தியாயர் எழுதியது" என்று பென்ஸிலால் ஓரத்தில் குறிக்கலாம். இந்தச் சுவாதீனத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இதுவே பறிபோகப் போகிறது.

1965-ல் காங்கிரஸ் லைப்ரரியில் வேலைக்குச் சேர்ந்த ஹென்ரியட் அவ்ராம் என்ற அம்மையார் நூல்நிலையத் தொழில் பயின்றவர் அல்லர்; கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் வித்தை அறிந்தவர். கார்டில் உள்ள விஷயத்தை யந்திரம் படிக்கும்படி எழுதுவது எப்படி என்ற பிரச்னை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கார்டைப் பார்க்கும் மனிதனுக்கு, மேல் வரி ஆசிரியர் பெயர், அடுத்தது தலைப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பார்வையே சொல்லி விடும். யந்திரத்துக்கோ ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொரு விஷயத்துக்கும் மூன்று இலக்க எண் ஒன்று அளிக்கப்பட்டது. 100 என்றால் ஆசிரியர். 245 என்றால் தலைப்பு. 650 என்றால் விஷயத் தலைப்பு. ஆங்கிலத் தலைப்பின் முன்னால் வரும் 'தி' என்ற சொல்லை அகர வரிசையில் கணக்கில் சேர்ப்பதில்லை. குமாஸ்தாவுக்கு இது முதல் நாளே தெரிந்து விடும். யந்திரத்துக்கோ, மூன்று எழுத்தும் ஓர் இடைவெளியும் ஆக நான்கு ஸ்தானங்களைத் தள்ளி எண்ணு என்று பதிவுதோறும் 4 என்ற இலக்கத்தை எழுதி வைக்க வேண்டும். அறிவாளி என்று நாம் புகழும் யந்திரத்தின் லட்சணம் இது! மார்க் என்று பெயர் பெற்ற இந்த முறை, 1966 முதல் 16 நூல்நிலையங்களோடு பரீட்சிக்கப்பட்டது. 1969 மார்ச்சிலிருந்து காந்த நாடாக்களில் பதிவுகள் வாரந்தோறும் வெளியே அனுப்பப்பட்டன. 1973-ல் இதன் அமைப்பு சர்வதேசத் தர விதியாகவே ஏற்கப்பட்டு விட்டது.

அம்மையார் செய்தது பாத்திரம். அதில் பண்டத்தை நிரப்பிப் பந்தி பரிமாறியவர் பிரெடெரிக் கில்கூர். ஒஹையோ மாகாணத்துக் கல்லூரிகள் 54 ஒன்றுசேர்ந்து 1967-ல் ஒரு கூட்டு ஸ்தாபனம் அமைத்து அவரைத் தலைவராக வைத்தன. ஓ.ஸி.எல்.ஸி. என்று இன்று உலகம் அழைப்பது இதைத்தான். கொலம்பஸ் நகரில் ஒரு கம்ப்யூட்டர். மாகாணமெங்குமுள்ள கல்லூரி நூல்நிலையங்களில் அதனோடு டெலிபோன் கம்பியால் இணைந்த திரைகள். ஒரு புத்தகம் வந்ததும் அதைத் திரையில் தேட வேண்டும். வேறு எந்தக் கல்லூரியாவது முன்பே பதிவு எழுதியிருந்தால் அதையே எடுத்துக் கொள்ளலாம். இல்லாவிட்டால் தானே எழுதி மற்றவர்க்கு உதவ வேண்டும். நம் கிராமத்துக் கூட்டுறவு நாணய சங்கத்தின் தத்துவம்தான் இது. 1971 ஆகஸ்டு 26-ல், ஆதென்ஸ் என்ற ஊரிலுள்ள ஒஹையோ சர்வகலாசாலையின் ஆல்டன் லைப்ரரி முதல் முதலாக இவ்வாறு பதிவு செய்யத் தொடங்கியது. முதல் வருஷத்திலேயே அந்த லைப்ரரி முன்னைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமான புத்தகங்களுக்கு ஜாபிதா எழுதிற்று. 17 உத்தியோகங்களும் குறைந்தன. ஓ.ஸி.எல்.ஸி.யின் சரித்திரமே இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பெருமையோடு சொல்லிக் கொள்கிறது. நமக்கோ இரண்டாவது வாக்கியத்தை அவ்வளவு சீக்கிரம் தாண்டிச் செல்ல மனம் வரவில்லை.

வேடிக்கை ஒன்று. கார்டை ஒழிக்க வந்ததாக எண்ணப்பட்ட யந்திரம், முதலில் செய்த வேலை கார்டு அச்சிடுவதே! ஒவ்வொரு நூல்நிலையத்தின் வழக்கத்துக்கு ஏற்றபடி அச்சிட்டு, அகர வரிசையில் அடுக்கியே பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். 1985-ம் வருஷத்தில் மட்டும் 13 கோடியே 10 லட்சம் கார்டுகள் போயின. காங்கிரஸ் லைப்ரரி தன் சொந்தக் கார்டு ஜாபிதாவில் புதுக் கார்டு சேர்ப்பதை 1980 முடிவோடு நிறுத்தி விட்டது. ஆனாலும் ஓ.ஸி.எல்.ஸி. கடைசிக் கார்டை அச்சிட்டது 2015 அக்டோபர் 1-ல்தான். அதற்குள் மொத்தம் 190 கோடிக் கார்டுகள் அச்சாகி விட்டன. பழைய பழக்கம் சாக மறுப்பது நம் ஊரில் மட்டும் காணும் அதிசயமன்று.

யந்திரம் கூடாது என்போர் கட்சியில் நாம் இல்லை. கம்பியில் கார்டு கோப்பது புண்ணிய கைங்கரியம் என்றும், அதிலிருந்து ஒரு பெண்ணை விடுவிப்பது பாதகம் என்றும் யாராவது சொன்னால் நாம் ஒப்ப மாட்டோம். ஒரே புத்தகத்துக்கு நூறு ஊரில் நூறு பேர் ஒரே வாக்கியத்தை எழுதுவது வீண். சென்னையிலிருந்தபடியே, தேடும் நூல் லண்டனில் இருக்கிறதா, சிகாகோவில் இருக்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் அறிய முடிகிறதே, அது இந்தக் கூட்டு முறை தந்த வரம். ஓ.ஸி.எல்.ஸி.யின் பொது ஜாபிதாவில் இன்று 50 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. மனித குலம் இதற்கு முன் இத்தனை பெரிய ஜாபிதாவைக் கண்டதில்லை.

ஆனால் வேலை குறைந்த இடத்தில் வேலை தெரிந்தவரும் குறைந்து போகிறார். இதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம். அயலார் எழுதிய பதிவை எடுத்துக் கொள்வதே தொழிலாகி விட்டால், எழுதத் தெரிந்தவருக்குச் சம்பளம் கொடுப்பானேன் என்று நிர்வாகிகள் கேட்கத் தொடங்குகிறார்கள். அதே ஒஹையோ மாகாணத்தில் டேட்டன் நகரத்து ரைட் ஸ்டேட் சர்வகலாசாலை, 1993-ல் தன் ஜாபிதா இலாகாவையே மூடி விட்டு, அந்த வேலையை ஓ.ஸி.எல்.ஸி.யிடம் குத்தகைக்கு விட்டது. கூட்டுறவாகத் தொடங்கியது 22 வருஷத்தில் குத்தகையாயிற்று.

அதைவிட மோசமான கதை ஹவாய்த் தீவுகளில் நடந்தது. பணமுடைக் காலத்தில் அந்த மாகாணத்துப் பொது நூல்நிலையங்களின் தலைவர், புத்தகங்களைத் தேர்ந்தெடுப்பது, வாங்குவது, பதிவு எழுதுவது, அட்டையில் சீட்டு ஒட்டுவது ஆகிய எல்லாவற்றையும் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு பெரிய புத்தகக் கம்பெனியிடம் 1996-ல் ஒப்படைத்தார். எந்தப் புத்தகமானாலும் பிரதி ஒன்றுக்கு 20 டாலர் 94 சென்ட் என்று ஒரே விலை பேசப்பட்டது. பிறகு என்ன நடக்கும் என்று நம் சந்தைக்குப் போகும் எந்தக் கிழவியும் சொல்லி விடுவாள். மெல்லிய, மலிவான புத்தகங்களும், தீவில் யாரும் கேட்காத புத்தகங்களும் வந்து குவிவதாக நூல்நிலைய ஊழியர்கள் கூக்குரலிட்டார்கள். மறு வருஷமே ஒப்பந்தம் ரத்தாயிற்று. இதற்கு யந்திரத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. எல்லாம் ஓரிடத்தில் நடக்கலாம் என்ற நம்பிக்கையை யந்திரம் வளர்த்தது. தன் ஊர் வாசகனைத் தானே அறிய வேண்டிய கடமையை அந்த நம்பிக்கையில் ஒரு நிர்வாகம் கைவிட்டது.

பழைய கார்டுகளை யந்திரத்தில் ஏற்றியபோது நேர்ந்த நஷ்டமும் சிறிதன்று. கூலிக்கு அமர்ந்தவர்கள் கார்டின் முகத்தில் இருந்ததை மட்டும் தட்டச்சு செய்தார்கள். தலைமுறைகளாக நூலகர்கள் எழுதி வைத்த குறிப்புகள் பல இடங்களில் கார்டுகளோடு குப்பைக்குப் போயின. நிக்கல்ஸன் பேக்கர் என்ற எழுத்தாளர் 1994-ல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் இதைக் கண்டித்து நீண்ட கட்டுரை எழுதினார். நூலகர்கள் பலர் அவரைப் பழமைப் பித்தர் என்று பரிகசித்தார்கள். பித்தோ, அல்லவோ, எரிந்த கார்டு திரும்பி வரவில்லை.

இனி, நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். கார்டுக் காலத்தில் ஒரு நூல்நிலையத்தில் நேர்ந்த பிழை அந்த ஊரோடு நின்றது. கூட்டு ஜாபிதாவிலோ, முதலில் எழுதியவர் பிழையும் அபிப்பிராயமும் எடுத்துக் கொள்பவர் எல்லோரிடமும் போய்ச் சேருகின்றன. திருத்துவதற்கு உரிமை இல்லாமலில்லை; திருத்துவதற்கு ஆள்தான் இல்லை. எடுத்துக் கொள்வதற்கு ஒரு நிமிஷம் போதும்; யோசிப்பதற்கு ஒரு மணி வேண்டும். அந்த ஒரு மணியை மிச்சப்படுத்தத்தானே யந்திரம் வந்தது? ஆகவே 'சிப்பாய்க் கலகம்' ஊர் ஊராகப் பரவிற்று. ஸான்போர்ட் பெர்மன் என்ற அமெரிக்க நூலகர் ஆப்பிரிக்காவில் ஸாம்பியா சர்வகலாசாலையில் வேலை பார்த்தபோது, கறுப்பு மக்களை இழிவாகக் குறிக்கும் 'காபிர்' என்ற சொல்லை வாஷிங்டன் விஷயத் தலைப்பாக வைத்திருப்பதைக் கண்டார். தங்களை வைவதற்கு வெள்ளையர் வழங்கிய சொல்லின் கீழ்த் தங்கள் சரித்திரத்தைத் தேட வேண்டிய நிலை ஆப்பிரிக்க வாசகருக்கு! இத்தகைய தலைப்புகளை வரிசையாக எடுத்துக் காட்டி 1971-ல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். பல தலைப்புகள் பின்னர் மாறின. சும்மா இருந்தவர்களுக்காக எதுவும் மாறவில்லை. கிளர்ச்சி செய்தவர்களுக்காக மாறிற்று.

நம் மொழியின் கதையோ இன்னும் ஆழமானது. அமெரிக்கா நம் நாட்டுக்குக் கோதுமை விற்றுச் சேர்ந்த ரூபாயைக் கொண்டு, இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கித் தன் நூல்நிலையங்களுக்கு அனுப்ப 1962-ல் டில்லியில் காங்கிரஸ் லைப்ரரியின் காரியாலயம் ஏற்பட்டது. அந்த வழியில் தமிழ்ப் புத்தகங்கள் ஏராளமாக அந்நாட்டுக்குப் போயின. போனதற்காக வருந்த வேண்டாம். சிரத்தையோடு அவற்றைக் காப்பாற்றியவர்களைப் பழிப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் யந்திரத்துக்கு அப்போது தெரிந்த லிபி ரோமன் லிபி ஒன்றே. தமிழ்த் தலைப்பைத் தமிழில் எழுத அதில் இடமில்லை. எழுத்துக்கு எழுத்து ரோமனில் பெயர்த்தே எழுத வேண்டும் என்று விதியாயிற்று.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். 'சுதந்திரம்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னால், படித்த தமிழர் எவரும் 'எஸ்' என்று தொடங்குவார். அந்த விதியோ தமிழ்ச் சகரத்துக்கு எப்போதும் 'ஸி' என்ற எழுத்தையும், தகரத்துக்கு எப்போதும் 'டி' என்ற எழுத்தையும் வைத்திருக்கிறது. ஆகவே ஸி, யு, டி, ஏ, என், டி, ஐ, ஆர், ஏ, எம் என்று எழுதித் தேடினால்தான் சுதந்திரம் கிடைக்கும்! இலக்கணப்படி இந்த விதி செம்மையானதே. ளகர ழகரங்களுக்கும் றகர னகரங்களுக்கும் அடியில் புள்ளியும் கோடும் இட்டுப் பேதம் காட்டுகிறது. அதைக் கற்ற பண்டிதருக்கு இடையூறில்லை. தமிழ் மட்டும் அறிந்த வாசகர் தம் மொழிப் புத்தகத்தைத் தேட முதலில் அயலாரின் எழுத்து விதியைப் படிக்க வேண்டியிருந்தது என்பதே நம் குறை.

சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துக்களை அமெரிக்காவின் மற்றொரு கூட்டு ஸ்தாபனமான ரிஸர்ச் லைப்ரரீஸ் குரூப் 1983-லேயே யந்திரத்தில் ஏற்றி விட்டது. ஆயிரக்கணக்கான எழுத்துள்ள மொழிக்கு முடிந்தது, 247 எழுத்துள்ள மொழிக்கு முடியாததன்று. கேட்பாரும் செய்வாரும் அங்கே இருந்தார்கள். ஜப்பானியர் அமெரிக்கரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவும் இல்லை. அவர்களுடைய தேசிய டயட் நூல்நிலையம் தன் நாட்டுப் புத்தகங்களுக்குத் தானே, தன் எழுத்திலேயே, யந்திரப் பதிவுகள் எழுதி 1981 முதல் வெளியிடத் தொடங்கிற்று. ஓ.ஸி.எல்.ஸி.யின் பொது ஜாபிதாவில் தமிழ் எழுத்து ஏறியதோ இந்த நூற்றாண்டில்தான்.

ஏறிய பிறகும் அதற்குக் கிடைத்த ஆசனத்தைப் பாருங்கள். அமெரிக்க வழக்கப்படி, 245 என்ற தலைப்பு ஸ்தானத்தில் ரோமன் எழுத்தே வீற்றிருக்கிறது. தமிழ்த் தலைப்பு 880 என்ற எண்ணில் வைக்கப்படுகிறது. அந்த எண்ணுக்கு 'மாற்று எழுத்து வடிவம்' என்று பெயர். நூலின் முகப்பில் அச்சாகியிருக்கும் தமிழ் மாற்று வடிவமாம். எவரும் அச்சிடாத ரோமன் மூல வடிவமாம்! மார்க் விதிகள் இதைக் கட்டாயமாக்கவும் இல்லை. மூல எழுத்தை முதல் ஸ்தானத்திலேயே எழுதவும் அவை இடம் கொடுக்கின்றன. அந்த இடத்தை எடுத்துக் கொள்ள வேண்டியவர்கள் நாம்.

நாம் என்ன செய்தோம்? 1954-ம் வருஷத்துச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகமும் கல்கத்தா தேசிய நூல்நிலையத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உட்பட வேறு மூன்று நூல்நிலையங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அவ்வாறு கல்கத்தாவுக்கு வந்த புத்தகங்களைக் கொண்டு 1957 முதல் இந்திய தேசிய நூற்பட்டியல் தயாராயிற்று. சுதந்திர பாரதத்தின் முதல் தேசிய ஜாபிதா. அதிலும் தமிழும் வங்காளியும் ஹிந்தியும் ரோமன் லிபியில்தான் எழுதப்பட்டன! பல லிபிகளை ஒரே வரிசையில் அடுக்க வேறு வழி அப்போது தோன்றவில்லை என்பது சமாதானம். அந்தந்த மொழிக்குத் தனிப் பகுதிகள் வெளியிடும் ஏற்பாடும் இருந்தது. ஆயினும் வாஷிங்டனைக் குறை கூறப் புறப்படுகிறவர்கள் கல்கத்தாவையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

இத்தனைக்கும், இந்தச் சாஸ்திரத்தில் உலகம் மதிக்கும் பெயர் ஒன்று நம்முடையது. 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகராகப் பதவி ஏற்ற எஸ். ஆர். ரங்கநாதன், 1934-ல் ஜாபிதா எழுதுவதற்கென்றே விதி நூல் ஒன்று இயற்றினார். வெள்ளைக்காரருக்கு இருப்பது போன்ற குடும்பப் பெயர் நம்மவருக்குக் கிடையாது. முன்னால் நிற்பது ஊரின் முதலெழுத்தும் தகப்பனார் பெயரின் முதலெழுத்துமே. இத்தகைய பெயரை எந்தச் சொல்லின் கீழ்ப் பதிவது என்பதை அவர் சென்னையில் உட்கார்ந்து, சென்னைப் புத்தகங்களைக் கையில் வைத்துக் கொண்டு ஆராய்ந்தார். புத்தகம் அச்சாகி வெளிவருமுன்பே, அது பிறப்பதற்கு முன்பாகவே, அதன் பதிவு தயாராகி அதனோடு வர வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். காங்கிரஸ் லைப்ரரி இந்த ஏற்பாட்டை 1971-ல் தன் நாட்டுப் பதிப்பாளரோடு சேர்ந்து நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அமெரிக்கப் புத்தகங்களில் தலைப்புத் தாளின் பின்புறம் காணும் சிறிய பதிவு அதுவே. யோசனை சொன்னவர் ஊரில் அது வழக்கத்துக்கு வரவில்லை.

பணமில்லை என்பார்கள் சிலர். நியூஸிலாந்தில் ஹோரோபெனுவா என்ற சிறு பிரதேசத்தின் நூல்நிலையம், விலையுயர்ந்த கம்பெனிச் சரக்கை வாங்க மனமில்லாமல், 1999-ல் தனக்கென ஒரு கம்ப்யூட்டர் திட்டத்தைத் தானே எழுதுவித்துக் கொண்டது. 2000 ஜனவரியில் அது வேலை செய்யத் தொடங்கியது. கோஹா என்று அதற்குப் பெயர். மாவோரி மொழியில் நன்கொடை என்று பொருள். பெயருக்கேற்ப அதை யாரும் விலையின்றி எடுத்துக் கொள்ளலாம், திருத்திக் கொள்ளலாம். நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இப்போது நடப்பதும் அதுவே. தமிழ் எழுத்து அதில் தடையின்றி ஏறுகிறது. ஆகவே யந்திரமும் கைக்கு வந்து விட்டது. லிபித் தடையும் நீங்கி விட்டது. இல்லாமலிருப்பது, விஷயத் தலைப்புகளைத் தமிழில் ஆராய்ந்து வகுத்து, ஒவ்வொரு தமிழ்ப் புத்தகத்துக்கும் முதல் பதிவைத் தமிழிலேயே எழுதி, உலகத்தார் எடுத்துக் கொள்ளும்படி வைக்கும் ஒரு ஸ்தாபனம்.

தமிழ்ப் பதிப்பாளர் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைப்புத் தாளுக்கு அடுத்த பக்கத்தில் 'நூல் விவரம்' என்று போட்டு, ஆசிரியர், மொழி, பதிப்பு, தாளின் எடை, எழுத்தின் அளவு, பக்கங்கள், விலை என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். தாளின் எடையைப் போடுகிற அந்த இடத்தில், தேர்ந்த நூலகர் ஒருவர் வகுத்த விஷயத் தலைப்பையும் வகுப்பு எண்ணையும் போட முடியாதா? சர்க்கார் நூல்நிலையங்கள் புத்தகம் வாங்கும்போது இதை ஒரு நிபந்தனையாக வைத்தால் பதிப்பாளர் மறுக்கப் போவதில்லை. தமிழில் 1857-ஐப் பற்றி அடுத்து ஒரு நூல் வெளிவரும்போது, அதற்கு எந்தத் தலைப்பு இடுவது என்பதை அந்தப் பக்கத்திலேயே தீர்த்து விடலாம். அரைப் பக்கம் ஏற்கெனவே ஒதுக்கி வைத்தாயிற்று.